தை மாதக் கிராமப் பயணம்: கட்டணமும் கிளம்பும் நேரமும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தை மாதக் கடைசி ஞாயிறன்று பட்டு நெசவும் நெல் வயலும் பார்க்க காஞ்சிபுரம், உத்திரமேரூர் பக்கம் ஒரு நாள் பயணம் போகிறோம் என்று கடையில் எழுதிப் போட்டதிலிருந்து இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆளுக்கு 1,900 ரூபாய் ஏன்? மயிலாப்பூரிலிருந்து விடிகாலை நாலரைக்கே ஏன் கிளம்ப வேண்டும்?

நேரத்துக்குக் காரணம் பாவு, அதாவது சேலையில் நீளவாக்கில் ஓடும் இழைகள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுப் பாவைத் தெருவோடு நீளமாக விரித்து, இழை இழையாக நீவி, அறுந்ததை முடிந்து சரிசெய்வார்கள். வெயில் ஏறுமுன் அந்த வேலை முடிந்துவிடும். எட்டு மணிக்குப் போனால் வெறும் தெருவைத்தான் பார்க்கலாம்.

அங்கிருந்து தறிக்கு. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கு இழையான ஊடையைக் கொண்டுபோகும் நாடாக்கள் மூன்று ஓடும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒருவர் கையால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும், பெரும்பாலும் வீட்டு ஆள். முந்தி வேறு நிறமென்றால் அதன் பாவு இழைகளை உடலின் பாவோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். பிட்னி என்பது இதுதான். கடையில் சேலையைப் புரட்டி விலை கேட்கும் ஒவ்வொருவரும் இதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

கட்டணத்துக்கும் காரணம் இங்கேதான். நெசவாளருக்குக் கூலி சேலைக் கணக்கில். நாள் கணக்கில் இல்லை. நாம் நின்று கேள்வி கேட்கும் நேரமெல்லாம் தறி நிற்கும், கூலியும் நிற்கும். அந்த நேரத்துக்கான பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். அதனால் அங்கே எதையும் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. வாங்கினால் பேரம் வேண்டாம். தறியில் இருக்கும் டிசைனைப் படம் எடுக்கவும் வேண்டாம். விற்பனைக்கு வருமுன்பே விசைத்தறியில் நகல் வந்துவிடுமோ என்ற கவலை அவர்களுக்கு உண்டு. இருபது பேருக்கு மேல் சேர்க்காததும் தறிக்கூடத்தில் இடம் அவ்வளவுதான் என்பதால்.

மதியம் உத்திரமேரூர் பக்கம் இயற்கை விவசாயப் பண்ணை ஒன்றில் சாப்பாடு. அப்போது சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரம் வளரும். யூரியா போட்டால் இன்னும் உயர்ந்து சாய்ந்துவிடும். அதற்கு ஜீவாமிர்தம் என்ற இயற்கை உரக் கரைசலே பொருத்தம்: ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு கைப்பிடி வயல் மண். கலக்கிக் காட்டுவார்கள், நீங்களும் கலக்கலாம். நம் கடையில் நீங்கள் வாங்கும் பாரம்பரிய அரிசிகள் இன்று கிடைப்பதில், பழைய நெல் ரகங்களைத் தேடிச் சேகரித்த விவசாயி நெல் ஜெயராமனுக்குப் பெரும் பங்கு உண்டு. 2018-இல் மறைந்த அவர், திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தார். அப்படிப் பரவிய விதைகள் இவை.

வரப்பில் நடக்க வேண்டியிருக்கும், அதற்கேற்ற செருப்பு போட்டு வாருங்கள். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் முன்பே சொன்னால் வண்டியைக் களம் வரை கொண்டுபோக ஏற்பாடு செய்வோம். காலைப் பலகாரம் காஞ்சிபுரத்தில், கோவில் இட்லி. இரவு எட்டு மணிக்குள் மயிலாப்பூர் திரும்பிவிடுவோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் பொங்கலுக்குள் பில் போடும் இடத்தில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து