எழுத்தாக்கத் தொகையை நிறுத்திய ஆராய்ச்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆராய்ச்சிக் குழுவினருக்கு,

வணக்கம். கள ஆய்வு நிதியில் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கம் செய்ய இருந்த தொகையை நீக்கிவிட்டீர்கள். "இலவச மென்பொருள்கள் கிடைப்பதால் இச்செலவு தேவையற்றது" என்கிறது துறைப் பலகையில் ஒட்டியிருக்கும் உங்கள் சுற்றறிக்கை. அதற்கான கால அவகாசமும் பாதியாகிவிட்டது. இரண்டையும் திரும்பத் தரும்படி கேட்கவே இந்த மடல்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைக் கண்டவர்களின் வாய்மொழி வரலாறு என் ஆய்வு. அன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. ராமேசுவரத்திலும் பாம்பனிலும் திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் பேசும்போது கடற்காற்று மைக்கில் மோதும், உள்ளே டிவி ஓடும், நடுவில் பேத்தி வந்து பாட்டி சொல்வதைத் திருத்துவாள்.

சரி, நீங்கள் சொன்னபடி மென்பொருளிலும் போட்டுப் பார்த்தேன். என் கேள்விகளை அது பிசகில்லாமல் எழுதித் தந்தது. நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே தெரியும், வேண்டியது பதில்கள்.

ஒரு பாட்டி, தண்ணீர் வீட்டுக்குள் ஏறியதையும் தம்பியின் கையைப் பிடித்திருந்ததையும் சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்திவிட்டார். பதிவில் அந்த இடத்தில் பேச்சே இல்லை. மின்விசிறிச் சத்தம், தெருவில் ஒரு ஆட்டோ. அப்புறம் "ம்... அவ்வளவுதான்" என்கிறார். மென்பொருள் அங்கே எழுதியிருப்பது இது: "வீடியோவைப் பார்த்ததற்கு நன்றி, வணக்கம்."

இது எனக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. இத்தகைய மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கும் ஏராளமான ஒலிகளையும் அவற்றுக்கான எழுத்தையும் வைத்துப் பழக்கப்பட்டவை. அடுத்து எது வர வாய்ப்பு அதிகமோ அதை எழுதுகின்றன. யாரும் பேசாத இடத்திலும் சும்மா இருக்கத் தெரியாது. சொல்லாத வாக்கியங்களை இவை எழுதுவதையும், பேச்சில் இடைவெளி அதிகமுள்ளவர்களிடம் இது கூடுதலாக நேர்வதையும் 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள். வயதானவர்களின் பேட்டியில் இடைவெளிக்கா பஞ்சம்?

அந்த ஒரு வரியைப் பிடிக்க யாராவது முழுப் பதிவையும் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். தெளிவான பேச்சென்றாலே ஒரு மணி நேரப் பதிவை எழுத நாலைந்து மணி நேரம் பிடிக்கும். மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசும் திண்ணைப் பேச்சுக்கு இன்னும் கூடும். இந்த வேலையைச் செய்துவந்தவர்கள் அந்த வட்டாரப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பட்டதாரிகள். நீங்கள் மிச்சம் பிடித்தது அவர்களுடைய கூலி.

நான் கணினிக்கு எதிரி இல்லை. நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய ஈலான் (ELAN) என்ற மென்பொருளும் இலவசம்தான், தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். யார் எந்த நொடியில் பேசினார் என்று ஒலியோடு வரியைக் கட்டிவைக்க அதைப் போல உதவி இல்லை. ஆனால் கேட்டு எழுதும் காது என்னுடையது. மென்பொருள் முதல் வரைவு தரட்டும். அதைச் சரிபார்க்கும் ஆளுக்குப் பணம் கொடுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. ஆய்வுக்கு மட்டுமே என்று சொல்லி ஒப்புதல் வாங்கிய குரல்களை, யாருடையதென்று தெரியாத சர்வரில் ஏற்றச் சொல்கிறீர்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே நிறைவேறிவிட்டது. நம் வளாகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருத்தரங்குக்குச் சால்வைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஃபிளெக்ஸுக்கும் நிதி இருந்தது. அந்த மேடையில் "மானுடவியல் புலங்களின் எதிர்காலம்" பற்றிப் பேசியவர்கள் யாரும் ஒரு மணி நேரப் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு எழுதிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மன்னிக்கவும், சொல்ல வந்தது அதுவல்ல.

எழுத்தாக்கத் தொகையையும் பழைய கால அவகாசத்தையும் அடுத்த கூட்டத்தில் மீண்டும் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதென்றால் ஒரு விளக்கம் மட்டும் எழுத்தில் தேவை. "எழுத்தாக்கம் மூல ஒலிப்பதிவோடு முழுமையாக ஒத்துப்போகிறது" என்ற உறுதிமொழிப் படிவத்தை ஆய்வேட்டோடு இணைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் கையொப்பமிட வேண்டியது நானா, மென்பொருளா?

இப்படிக்கு,
முனைவர் பட்ட ஆய்வு மாணவி,
வரலாற்றுத் துறை