ஞாயிறு காலை: விபத்து அறிக்கை எழுதிப் பழகுவோம்

வணக்கம் நண்பர்களே. பாலிடெக்னிக் முடித்து ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசராக இருப்பவர்கள் பலர் கேட்டதால், வரும் ஞாயிறு காலை 10.30 மணிக்கு கூகுள் மீட்டில் கூடுகிறோம். லிங்க் சனிக்கிழமை வரும்.

1. நீங்கள் எழுதிய பழைய அறிக்கை ஒன்றை எடுத்து வையுங்கள். ஆள் பெயர், கம்பெனி பெயரை அடித்துவிடுங்கள்.

2. "கவனக்குறைவால் விழுந்தார்" என்பது தீர்ப்பு, தகவல் இல்லை. "மதியம் 2.10, மூன்றாவது லேத் அருகே கூலன்ட் சிந்தியிருந்தது, வலது கால் வழுக்கியது." இப்படி எழுதிப் பழகுவோம்.

3. அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாவிட்டால் ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்குத் தகவல் போக வேண்டும். ஃபார்மில் சந்தேகம் இருந்தால் இப்போதே இங்கே போடுங்கள்.

4. மயிரிழையில் தப்பியதையும் எழுத வேண்டும். அதைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறோம்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் கணக்கில் வராது, சரியா?