காளி கண்டகியில் கண்ட கல்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கைக்கு வந்த அன்றுதான் நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோயிலுக்குக் கிளம்பினேன்; அதனால்தான் பதில் இவ்வளவு தாமதம். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. ஆனாலும் இன்னும் ஒரு மாதம் நின்றபடி சமைக்காதே.

பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு பஸ்ஸில் போனோம். வழி நெடுகக் காளி கண்டகி. ஒரு பக்கம் 8,167 மீட்டர் உயரத் தவுளகிரி, மறுபக்கம் 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணா. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆறு எப்படிப் புகுந்தது? மலைகளைவிட ஆறு மூத்தது என்கிறார்கள். மலை எழ எழ, ஆறும் விடாமல் அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

காக்பேனியில் ஆற்றுப்படுகையில் இறங்கினேன். நண்பகல் காற்று ஆளையே தள்ளியது. அங்கே ஒரு பெண் விற்றுக்கொண்டிருந்த கரிய கூழாங்கல் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே சுருள். சாளக்கிராமத்தில் அதைத்தான் சக்கரம் என்று வணங்குகிறோம். அதை எங்கே பார்த்தோம் என்று நினைவிருக்கிறதா? கல்லூரிச் சுற்றுலாவில், பெரம்பலூர்ப் பக்கம் காரையில், வெயிலில் வெடித்த களிமண் ஓடையில் குனிந்து பொறுக்கினோமே, அதே அம்மோனைட்! 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்துபோன கடல் உயிர்.

ஒன்று நம் ஊர்ச் சமவெளியில், இன்னொன்று மூச்சு வாங்கும் மலையில். இரண்டுமே கடலடியில் புதைந்தவைதான். காரையில் கடல் ஏறி வந்தது, பிறகு விலகியது, சேறு அங்கேயே படுத்துவிட்டது. பூமியின் மேலோடு பெரிய தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறதே, அந்தத் தட்டின் விளிம்பு அங்கிருந்து வெகுதூரம். இமயம் இருப்பதோ விளிம்பிலேயே. இந்தியத் தட்டு வடக்கே வர வர, இடையிலிருந்த டெத்திஸ் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் அமிழ்ந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலமும் நிலமும் முட்டின. கண்டப் பாறை கடல்தரையைவிட லேசானது, எளிதில் அமிழாது. அதனால் மடிந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. கடலோரச் சேறும் சேர்ந்து மேலே போனது. எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புப் பாறையிலும் கடல் உயிர்களின் எச்சங்கள் உண்டு.

அந்தமானில் இருக்கும் உன் மகனிடம் அங்குள்ள பாரன் (Barren) எரிமலைத் தீவைப் பற்றிக் கேள். அங்கே கடல்தரை இன்றும் அமிழ்கிறது, அதனால்தான் எரிமலை. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்துக்கு வந்த அலையும் அதே விளிம்பில் கிளம்பியதுதான்.

காத்மாண்டுவில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மா 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது அழுதுவிட்டார். நேபாளத்தில் 9,000 பேர் அளவில் இறந்தார்கள். அன்று அந்தப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்ததாம். மலை வளர்வது என்றால் என்னவென்று அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

முக்திநாத்தில் 108 தாரைகளிலும் நனைந்தேன். உனக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

பாட்டியின் பூஜைப் பெட்டியில் இருந்த சாளக்கிராமம் உன்னிடம்தானே இருக்கிறது? நீ கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த காரைக் கல்லையும் தேடி எடுத்து வை. பொங்கலுக்கு வருகிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
வசந்தா