கஞ்சியும் ஒக்டோபரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களைப் பொலிஸார் கைது செய்தது நமக்குப் பெரிய செய்தி. அரிசி, தண்ணீர், உப்பு. அவ்வளவுதான் அந்தக் கஞ்சி; 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சிக்கிய மக்கள் குடித்தது. நாள் தவறாமல் சிங்களப் பத்திரிகை வாசிக்கும் என் நண்பரோ, "கஞ்சிக்கு எதற்குக் கைது?" என்று என்னிடமே விளக்கம் கேட்டார். மே 18 நமக்கு அந்தப் போரில் இறந்தவர்களின் நினைவேந்தல், மறுநாள் சிங்களவர்களுக்குப் போர்வீரர் தினம். சிங்களப் பத்திரிகையான தினமினவையும் தமிழ்ப் பத்திரிகையான தினகரனையும் வெளியிடுவது ஒரே லேக் ஹவுஸ் நிறுவனம்தான். அப்படியிருந்தும் ஒருவர் துக்கம் மற்றவர் பக்கத்துக்கு எட்டுவது அபூர்வம்.

சரி, நாம் மட்டும் என்ன செய்தோம்? 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கெடு கொடுத்துப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்த நாள் வந்தால் நம் பத்திரிகைகளில் உள்பக்கத்தில் ஒரு கட்டுரை, அதையும் பெரும்பாலும் முஸ்லிம் ஒருவரே எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது. இந்த ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டவர்களில் பலர் தஞ்சமடைந்த புத்தளத்துக்கு உங்கள் நிருபரை அனுப்புங்கள். அவர் எழுதுவதை முன்பக்கத்தில் போடுங்கள். சிங்களப் பத்திரிகைகளை அப்புறம் கேட்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வவுனியா