பன்னிரண்டு நாற்பதுக்கு மேல் கூப்பிடுகிறேன்

கடையம்,
ஞாயிறு இரவு

அன்பு மகள் கோமதிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் பேத்தி மீனுவும் நன்றாக இருக்கிறோம். அவளுக்கு இருமல் போய்விட்டது. சாரல் நின்று நாலு நாளாகிறது. இன்று நல்ல வெயில், போர்வை எல்லாம் துவைத்துக் காயப்போட்டேன். மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை பேசினார், டிசம்பரில் வர லீவு கேட்டிருக்கிறாராம். அங்கே எல்லாம் சுமுகமாக இருக்கிறதா?

போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ ஆசிரியர் பயிற்சி ஹாஸ்டலில் இருந்தபோது எழுதியதுதான், அப்புறம் எழுதவே இல்லை. புதன்கிழமையிலிருந்து நீ ராத்திரி கூப்பிடவில்லை. நான் அனுப்புகிறதற்கெல்லாம் 'சரிம்மா' என்று மட்டும் வருகிறது. சாப்பிட்டியா என்று கேட்டாலும் சரிம்மா, பல்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் சரிம்மா. உன் நம்பரை அமுக்க எனக்கும் கை வரவில்லை. அதனால்தான் தாளை எடுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் செல்போன் வைத்திருப்பதைப் பற்றிப் பேப்பரில் எது வந்தாலும் நான் வெட்டி வைப்பது உனக்குத் தெரியும். நேற்று அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி சொன்னது இருக்கிறது. அரசு ஊழியர்கள் வேலை நேரத்தில் சொந்த விஷயத்துக்குப் போன் பேசக்கூடாது, அவசரமென்றால் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி வெளியே போய்ப் பேச வேண்டும், அரசாங்கம் இதற்கு விதி வகுக்க வேண்டும் என்றார். அடுத்த வருஷமே ஆந்திராவில் வகுப்புக்குப் போகும் முன் ஆசிரியர்கள் போனைத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. டெல்லியில் அதே 2023 ஆகஸ்டில், வகுப்பு மட்டுமில்லை, விளையாட்டு மைதானம், நூலகம், ஆய்வகம் எங்கேயும் கற்பிக்கிற நேரத்தில் போன் கூடாது என்றார்கள். ஒவ்வொன்றையும் படித்தபோது சரி, நல்லது என்றுதான் ஓரத்தில் டிக் போட்டு வைத்திருக்கிறேன். இப்போதும் அது தப்பென்று சொல்ல மாட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். டீச்சர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கை மெல்ல இறங்கும். அப்புறம் மறுபடி தூக்காது. முப்பத்தி நாலு வருஷம் அந்தக் கையைப் பார்த்தவள் நான்.

அதனால் சொல்கிறேன். காலையில் வருகைப்பதிவு ஏற்றியதும் போனை அமைதியில் போட்டு பீரோவில் வைத்துவிடு. மேசை மேல் வைக்காதே. மேசை மேல் கவிழ்த்து வைத்தாலும் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுதான்.

உனக்கு அதில் கோபம் வரும் என்று தெரியும். போன வருஷம் தீபாவளிக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து நீ சொன்னது நினைவிருக்கிறது. காலையில் பிள்ளைகள் வருகை செயலியில், ஆசிரியர் வருகை செயலியில், எண்ணும் எழுத்தும் திட்டத்து மதிப்பீடு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் செயலியில், எமிஸ் என்கிற கல்வித்துறைத் தளத்துக்கு விவரம் கேட்டு வாட்ஸ்அப் குழுவில் 'உடனே அனுப்பவும்'. போன் என்னுடையது, ரீசார்ஜ் என்னுடையது, மலைமேல் டவர் இல்லாமல் மாடிப்படியில் ஏறி நிற்பதும் நான், ஆனால் போன் கையில் இருந்தால் குற்றவாளியும் நான் என்றாய். அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் முறுக்கு பிழியப் போய்விட்டேன். உன் பக்கம் நியாயம் இருந்தது. எங்கள் காலத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்து சிவப்பு மையில் கோடு போட்டால் முடிந்தது. அந்த நோட்டுக்கு யாரும் ஊரிலிருந்து கூப்பிட மாட்டார்கள்.

கொரோனாவின்போது நீ செய்ததை நான் யாரிடம் சொல்லாமல் இருந்தேன்? பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது, வீட்டில் போன் இல்லாத ஆறு பிள்ளைகளுக்காக வாரம் இரண்டு நாள் மேட்டுத் தெருவுக்கு நடந்து போய், உன் போனிலேயே கல்வித் தொலைக்காட்சிப் பாடத்தைப் போட்டுக் காட்டினாய். கல்யாண வீட்டில் பெரிய மதினியிடம் இதைச் சொன்னபோது அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 2014-இல் உனக்கு அந்த மலையோரத்து ஊர் விழுந்ததும் 'இவ்வளவு தூரமா, ஒரு வருஷம் தாங்குவாளா' என்று கேட்டவர்கள்தான் அவர்கள்.

சரி. சுற்றி வளைத்து எழுதிக்கொண்டே போகிறேன். நாங்குநேரி மதினியின் மருமகள் உங்கள் ஒன்றியத்தில்தான் இருக்கிறாள் என்பது உனக்கும் தெரியும். உன் வகுப்பில் நடந்தது வியாழக்கிழமை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் மேல் வருத்தப்படாதே, என் குரலைக் கேட்டுப் பயந்துபோய்ச் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்கு வந்தது என் போன்தான். மூன்று தடவையும் நான்தான். நீ மதிப்பீட்டை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாய், போன் கையில் இருந்திருக்கிறது, அந்த நேரம் பார்த்து கல்வி அலுவலர் வாசலில் நின்றிருக்கிறார். முதல் தடவை நீ எடுத்ததை அவர் பார்த்தார். அடுத்த இரண்டு தடவை அடித்ததைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டார். பார்வையாளர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார் என்று சொன்னாள். விளக்கம் கேட்டிருப்பது சாதாரண மெமோவா, சிறு தண்டனைக்கான விதி 17-ஏவா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெரிய தண்டனைக்கான 17-பி இல்லையே? அது நிலுவையில் கிடந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. எதுவென்று எனக்கு எழுது. எழுத வேண்டாம், சொன்னால் போதும்.

நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். நீ எடுத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை, 'மீனு, மீனு' என்றுதான் சொன்னேன், நீ பதறி என்ன என்ன என்று கேட்டாய், லைன் போய்விட்டது. நான் புளி குத்திக்கொண்டிருந்தேன். பிள்ளை ஒரு புளியங்கொட்டையை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டாள். நான் விரலை விட்டு எடுக்கப் போய் அது உள்ளே போய்விட்டது, அவள் அலறினாள். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து மறு மூக்கை அமுக்கிச் சிந்த வைத்து வெளியே எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிஷம் இருக்குமா, தெரியவில்லை. ஆனால் என் மூன்றாவது போன் கொட்டை வெளியே வந்த பிறகு போட்டது. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று சொல்வதற்காகக்கூட இல்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது, உன் குரல் கேட்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான்.

ஜூன் மாதமே ஹெச்.எம். நம்பர் அனுப்பி, 'அவசரம்னா இதுல கூப்பிடும்மா, வகுப்புல இருக்கும்போது எனக்குப் போடாதே' என்று நீ சொல்லியிருந்தாய். கண்ணாடி கையில் இல்லாததால் எதிர்வீட்டுப் பையனைப் படிக்கச் சொல்லி தினசரிக் காலண்டர் தாளில் எழுதினேன். மறுநாள் காலை தேதியைக் கிழித்தபோது நம்பரும் போய்விட்டது. திரும்பக் கேட்க எனக்கு மனசில்லை. ஹெச்.எம்.மாக இருந்தவள் ஒரு நம்பரைக் காப்பாற்றி வைக்கத் தெரியாமல் தொலைத்துவிட்டாள் என்று நீ நினைப்பாயே என்றிருந்தது.

அந்த வெட்கத்தால் உனக்கு மெமோ வந்திருக்கிறது. இதில் நீ என் மேல் கோபப்பட்டால் சரி. கோபத்தில் பேசாமல் இருக்கிறாயா, இல்லை எனக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறாயா, அதுதான் எனக்குப் புரியவில்லை. மறைக்கிறாய் என்றால் அது எனக்கு இன்னும் கஷ்டம்.

வேறு ஒன்றும் சொல்ல வேண்டும். உன் அப்பாவிடம்கூட நான் சொல்லாதது.

என்னுடைய பிஸ்கட் டின் உனக்குத் தெரியும். 2010-இல் நான் ஹெச்.எம். ஆன பிறகு, ஒன்பது இருபதுக்கு எல்லா டீச்சர் போனும் அந்த டின்னுக்குள் போய் என் பீரோவில் இருக்கும். மதியம் பன்னிரண்டு நாற்பது மணி அடித்ததும்தான் திறப்பேன். எந்தச் சுற்றறிக்கையும் சொல்லி அல்ல, நானாகக் கொண்டுவந்தது. ஒன்றியத்தில் என்னைப் பாராட்டினார்கள், நீயும் உன் சிநேகிதிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். மூன்றாம் வகுப்பு டீச்சரின் அப்பா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்த சமயம் அது. டின்னுக்குள் போன் இருந்ததால் சத்தம் கேட்கவில்லை, அதனால் சேதி தாமதமாகிவிட்டது என்று உங்களுக்கெல்லாம் சொன்னேன் அல்லவா?

கேட்டது, கோமதி. பதினொன்று பத்திலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. நான் சத்துணவுப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை பீரோவைத் திறந்து டின்னையும் திறந்து பார்த்தேன். 'அண்ணன்' என்று இருந்தது. அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பது எனக்குத் தெரியும். எழுந்து நாலடி நடந்தால் மூன்றாம் வகுப்பு. ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்று நினைத்தேன். மூடி வைத்துவிட்டேன். மணி அடிக்கட்டும் என்று விட்டேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அவள் போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். பதினொன்று பத்துக்கே பஸ் ஏறியிருந்தால் ஒரு மணிக்குள் போய்ச் சேர்ந்திருப்பாள். அவர் போனது ஒன்றேகாலுக்கு. இவள் போய்ச் சேர்ந்தபோது இரண்டரை.

பதினாறாம் நாள் முடிந்து வேலைக்கு வந்தவள், என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மற்ற எல்லாருக்கும் முன்னால் தன் போனை எடுத்து டின்னுக்குள் வைத்தாள். நான் ஓய்வு பெறும்வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரிவு உபசார விழாவில் எனக்குச் சால்வை போட்டதும் அவள்தான். நான் பெயரைப் பார்த்தேன் என்று அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டாவது தடவை நீ எடுக்காமல் மணி அடித்துக்கொண்டே இருந்தபோது எனக்கு அந்த டின் சத்தம்தான் கேட்டது. தகரத்தில் போன் அதிருகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும்.

இப்போது உன் விஷயம். விளக்கத்தில் வளவளவென்று எழுதாதே. தேதி, நேரம், அப்போது செயலியில் எந்த வகுப்பின் மதிப்பீட்டை ஏற்றிக்கொண்டிருந்தாய் என்பது, அழைப்பு உன் தாயாரிடமிருந்து வந்தது, குழந்தைக்கு ஆபத்து என்று. என் பெயரைப் போடு. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை என்றும் போடு. நான் தனியாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு இதோடு வைத்திருக்கிறேன், தேவையென்றால் இணைத்துக்கொள். எடுத்தது தவறு என்பதையும் ஒரு வரியில் ஒப்புக்கொள். மதிப்பீட்டைப் பற்றி எழுதும்போது குரலை உயர்த்தாதே, நேரம் மட்டும் எழுது, செயலியிலேயே நேரம் பதிவாகியிருக்கும். படியெடுத்து வைத்துக்கொள்.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் ஹெச்.எம்.மிடம் பேசி, அவசரத்துக்கு வீட்டார் எந்த நம்பரில் கூப்பிடலாம், யார் வந்து சொல்வார்கள் என்பதைக் கூட்டப் பதிவேட்டில் எழுதி வாங்கு. நம் ஒன்றியப் பள்ளிகளில் தரைவழித் தொலைபேசி எங்கே இருக்கிறது? ஹெச்.எம். நம்பர் என்பதும் அவருடைய சொந்த நம்பர்தான், ஈராசிரியர் பள்ளியில் அவரும் வகுப்பில்தான் நிற்பார். அவர் எடுக்காவிட்டால்? சத்துணவு அமைப்பாளர் நம்பரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேள். அந்த அம்மா அடுப்படியில் இருப்பார்கள், மணி அடித்தால் கேட்கும். இதை எழுதி வைக்காமல் போனை மட்டும் பிடுங்கி வைத்தால் அது என் டின்தான்.

போனை பீரோவில் வை. திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. பிள்ளைகள் படத்தை எடுத்து ஸ்டேட்டஸில் போடாதே, அதையும் ஒருநாள் யாராவது எழுதிவிட்டுப் போவார்கள். ராத்திரி நேரத்தோடு சாப்பிடு. பல்லைக் காட்டினாயா?

மீனுவை நான் பார்த்துக்கொள்ள முடியாது என்று நீ முடிவு செய்துவிட்டாயோ என்றும் ஒரு பயம். கொட்டை, பாசி, பட்டன் எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிட்டேன். புளியைக் குத்தாமல் வாங்கிக்கொள்கிறேன். இனி வகுப்பு நேரத்தில் உன் நம்பருக்கு என் போன் வராது. பன்னிரண்டு நாற்பதுக்கு மேல்தான் கூப்பிடுவேன், அதுவும் நீ கூப்பிடச் சொன்னால்.

ஹெச்.எம். நம்பரை மறுபடி அனுப்பு. பெரிய எழுத்தில் எழுதி சாமி அலமாரிக் கதவில் ஒட்டப்போகிறேன்.

ராத்திரி ஏழரைக்கு மீனு என் போனை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறாள். இன்றைக்கும் எட்டேகால் வரை இருந்து அப்படியே தூங்கிப்போனாள். கடிதம் கைக்கு வந்த அன்று அவளிடமாவது பேசு. நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா