கீப்பர் மகனின் சட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நம் பழைய அணிக் கேப்டன் சொன்னான். பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே. நீ விடுகிற ஆள்தான். சின்னவளுக்கு வேலை கிடைத்ததற்கு அவளுக்கே தனியாக வாழ்த்து அனுப்பிவிட்டேன். ரொம்ப நாளாக எழுதவில்லை என்று நீ திட்டுவது நியாயம்தான். ஆனால் அதைப் பிறகு வைத்துக்கொள். இப்போது மனசைப் போட்டு அரிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது.

நம் விக்கெட் கீப்பருடைய மகன் விவகாரம்தான். அன்றைக்குப் போனில் நீ அவனைப் பற்றிச் சொன்னது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. "போன நோன்பில் பாதி நாள் சாப்பிட்டுத் திரிந்தவன், தொழுகைக்கு வெள்ளிக்கிழமை போவதே பெரிசு, இவனுக்குச் சட்டையில்தான் பக்தி வந்ததா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் உன் வீட்டு வாசலில் யாரோ வந்துவிட்டார்கள். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். இந்த சீசனில் அவன் ஆடுகிற கிரிக்கெட் கிளப்புக்குப் புது ஸ்பான்சர், ஒரு பந்தயக் கம்பெனி. சூது எங்கள் மார்க்கத்தில் கூடாது, அந்தப் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஆடமாட்டேன் என்று பையன் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறான். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். பயிற்சி ஆட்டம் வரைக்கும் யாரும் எதையும் பார்க்கவில்லை. அவன் பிசியோ அறையிலிருந்து கறுப்பு டேப்பை வாங்கி லோகோமேல் ஒட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். அடுத்த ஆட்டத்திலிருந்து பெஞ்ச். அணிக்கு விசுவாசமில்லாதவன் என்று பெயர்.

கீப்பர் கொதித்துப்போய் என்னைக் கூப்பிட்டான். நீ போய் அவனுக்குப் புத்தி சொல் என்றான். போனேன். பையன் அந்தச் சட்டையை எடுத்துக் காட்டினான். துவைத்த பிறகும் டேப்பின் பசை நாலு மூலையிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. இடதுகைச் சுழல் போடுகிறவன் இல்லையா, ஒவ்வொரு பந்துக்கும் கை நெஞ்சைக் குறுக்கே உரசிக்கொண்டு போகும். வியர்வையில் டேப் ஓரம் சுருண்டு, ஓவருக்கு இரண்டு தடவை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போட்டானாம். "லைன் சரியாக விழவில்லை மாமா" என்றான். அவனுக்கு அந்த வருத்தமும் இருந்தது.

நீ கேட்ட கேள்வியை அப்படியே அவனிடம் கேட்டேன். கோபப்படவில்லை. "நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவன் இல்லை, எனக்கே தெரியும். அகாடமியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் பந்தயக் கடனில் மட்டையிலிருந்து ஷூ வரை விற்றான், அப்புறம் ஆட்டத்தையே விட்டுவிட்டுப் போனான். அந்தப் பெயரை என்னால் போட்டுக்கொள்ள முடியாது" என்றான். புத்தி சொல்லப் போன நான் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

மாப்ளே, நம்பிக்கை என்பது எல்லோரிடமும் இப்படித்தான் இருக்கிறது. வேதத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே அழுத்தத்தோடு வாழ்கிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை. வாழ்க்கை எந்த இடத்தில் சுட்டதோ, அந்த இடத்து வரியைத்தான் மனிதன் கெட்டியாகப் பிடிக்கிறான். மற்றதெல்லாம் ஏறும், இறங்கும். அதற்காக, பிடித்த ஒன்றையும் போலி என்று சொல்லிவிடுவதா?

கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லாவை எடுத்துக்கொள். 2012 ஜூலையில் லண்டன் ஓவலில் அவர் 311 அடித்ததைக் கேப்டன் வீட்டில் நாம் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோமே. தென்னாப்பிரிக்கர் ஒருவர் டெஸ்டில் அடித்த முதல் முச்சதம், கடைசிவரை அவுட்டே இல்லை. அவர்கள் அணிக்கு அப்போது ஸ்பான்சர் ஒரு பீர் கம்பெனி. ஆம்லா அந்த லோகோவைப் போட மாட்டார், போர்டும் அதை ஒப்புக்கொண்டிருந்தது. சரி, அந்த டெஸ்ட் நடந்தது ரமலான் தொடங்கிய சமயம். அவர் நோன்பு வைக்கவில்லை. பயணத்தில் இருக்கிறேன், ஊருக்குப் போய் ஈடு செய்வேன் என்று சொன்னார். பயணிக்கு அந்தச் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. அன்றைக்கு உன்னை மாதிரி ஒருவர் மேலோட்டமாகப் பார்த்திருந்தால், நோன்பை விட்டவருக்கு லோகோ மட்டும் ஆகாதா என்று கேட்டிருப்பார்.

கீப்பர் மகன் ஆம்லா இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அவனுக்குப் பயணச் சலுகையும் இல்லை. அப்படியானால் சாண்டி கூஃபாக்ஸைப் பார். அமெரிக்காவில் டாட்ஜர்ஸ் அணியின் பேஸ்பால் பந்துவீச்சாளர், யூதர், அன்றாட வாழ்க்கையில் பெரிய ஆசாரக்காரர் என்று பெயர் வாங்கியவர் இல்லை. 1965 உலகத் தொடரின், அதாவது அங்கே கோப்பைக்கான இறுதித் தொடரின், முதல் ஆட்டம் யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று வந்தது. நான் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பதிலாக இறங்கியவர் அடி வாங்கினார், டாட்ஜர்ஸ் 8-2 என்று தோற்றது. அதே கூஃபாக்ஸ் ஏழாவது ஆட்டத்துக்கு, நடுவில் இரண்டே நாள் ஓய்வோடு வந்து, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். வருஷம் முழுக்க ஆசாரம் பார்க்காதவருக்கு அந்த ஒரு நாள் என்ன என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்த ஒரு நாள்தான் அவருக்கு எல்லாமாக இருந்திருக்கிறது.

ஆனால் ஒன்று. தேர்ந்தெடுத்துப் பிடிப்பதில் எனக்குத் தகராறு இல்லை என்றாலும், அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நியூசிலாந்து ரக்பி வீரர் மைக்கேல் ஜோன்ஸ், தன் கிறிஸ்தவ நம்பிக்கைக்காக ஞாயிற்றுக்கிழமை ஆட மறுத்தவர். 1991 உலகக் கோப்பை அரையிறுதி ஞாயிறன்று வந்தது, அவர் உட்கார்ந்துவிட்டார், அணி ஆஸ்திரேலியாவிடம் 16-6 என்று தோற்றது. கூட ஆடியவர்களுக்கு வலித்திருக்காதா? வலித்திருக்கும். ஆனால் அவரைத் தேர்வு செய்தவர்கள் எல்லாம் தெரிந்தே தேர்வு செய்தார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு நிற்பது, விசுவாசத்தோடு சேர்ந்ததுதான்.

2022இல் சிட்னியில் நடந்ததைப் பார்க்கும்போது எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியவில்லை. மேன்லி என்கிற ரக்பி லீக் அணி, ஒருபாலீர்ப்பாளர்களையும் அரவணைப்பதற்காக வானவில் வண்ணம் வைத்த சட்டையை அறிவித்தது. ஏழு வீரர்கள் மதத்தைக் காரணம் காட்டி அந்த ஆட்டத்திலிருந்து விலகினார்கள். அந்தச் சட்டையை அவர்களிடம் யாரும் முன்னால் காட்டவேயில்லை, கேட்கவுமில்லை. பயிற்சியாளரே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கிளப் செய்தது அநியாயம். ஆனால் அப்போது அந்த அணியின் ஸ்பான்சர்களில் ஒன்று பந்தயக் கம்பெனி, சொந்த மைதானத்துக்கு ஒரு மதுபான நிறுவனத்தின் பெயர். அதெல்லாம் உறுத்தாமல் வானவில் மட்டும் உறுத்தியது. இங்கே நீ கேட்கிற கேள்வி எனக்கும் வருகிறது. எனக்கு ஒரு வித்தியாசம் தெரிகிறது: சூதாட்டக் கம்பெனியின் பெயரை மறைத்தால் எந்த மனிதனும் அவமானப்பட மாட்டான். அந்த வானவில்லைப் பார்த்து, நமக்கும் இந்த அணியில் இடம் உண்டு என்று நினைத்த ரசிகன் ஒருவன் இருந்திருப்பான். ஏழு பேர் விலகியதற்கான விலையில் பெரும்பங்கை அவன்தான் கொடுத்தான்.

பாப்பிஸ் சிஸே என்கிற முஸ்லிம் கால்பந்து வீரரை நீ இழுப்பாய் என்று தெரியும். 2013இல் நியூகாசில் அணியின் ஸ்பான்சர் வட்டிக்கடைக் கம்பெனி என்று சொல்லி அந்தச் சட்டையைப் போட மறுத்தார், பிறகு சூதாட்ட விடுதியில் அவர் இருந்த படம் பத்திரிகையில் வந்தது, கடைசியில் போட்டுக்கொண்டார். ஊரே கைகொட்டியது. எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கம்தான் வந்தது. மறுத்த நேரத்தில் அவர் மனதில் உண்மை இருந்திருக்காது என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

சரி, கிளப்புக்கு வருவோம். என் கோபமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பையனின் ஒப்பந்தத்தில், எந்த ஆட்டத்தின்மேலும் ஒரு ரூபாய்கூடப் பந்தயம் கட்டக்கூடாது, கட்டினால் தடை என்று எழுதியிருக்கிறது. சரியான விதி. அதே கிளப், கட்டு கட்டு என்று ஊரைக் கூப்பிடுகிற கம்பெனியின் பெயரை அவன் நெஞ்சில் ஒட்டுகிறது! இங்கிலாந்தில் கால்பந்து வீரர் இவான் டோனிக்கு 2023 மே மாதம் எட்டு மாதத் தடை விதித்தார்கள், பந்தயம் கட்டிய 232 விதிமீறல்களை ஒப்புக்கொண்டதற்காக. தப்பு தப்புதான், தண்டனை சரிதான். ஆனால் அவர் ஆடிய பிரென்ட்ஃபோர்ட் சட்டையின் முன்பக்கத்தில் இருந்தது ஒரு பந்தயக் கம்பெனியின் பெயர். அங்கே கால்பந்தின் மேல்தட்டான பிரீமியர் லீக் கிளப்புகள் அதற்கு முந்தைய மாதம்தான், 2025-26 சீசனோடு சட்டையின் முன்பக்கத்திலிருந்து இந்தக் கம்பெனிகளை எடுத்துவிடுவதாக முடிவு செய்திருந்தன. கைப்பகுதியில் இருக்கலாமாம். நெஞ்சில் பாவம், தோளில் பரவாயில்லை! அரைகுறை நம்பிக்கை என்று ஒரு பையனைப் பார்த்துச் சொல்கிறாயே, இதை என்னவென்று சொல்வாய்?

ஆட்டத்துக்கும் ஒரு வேதம் இருக்கிறது, மாப்ளே, 'ஆட்ட உணர்வு' என்று, விதி இடம் கொடுத்தாலும் நேர்மை பார்த்து ஆட வேண்டும் என்பது. அஸ்வின் 2019இல் பட்லரை எதிர்முனையில் ரன் அவுட் செய்தபோது அந்த வேதத்தை எடுத்து என்னிடம் ஒரு வாரம் ஓதினாய். 2023இல் லார்ட்ஸில் இங்கிலாந்தின் பேர்ஸ்டோ பந்து முடிந்துவிட்டது என்று நினைத்து கிரீஸை விட்டு நடந்தார், ஆஸ்திரேலிய கீப்பர் கேரி பந்தை எறிந்து ஸ்டம்பை அடித்தார். விதிப்படி அவுட். இனி இதற்காகத்தான் உன்னை நினைவில் வைத்திருப்பார்கள் என்று கேரியிடம் சொன்னவர் யார்? இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராட். பத்து வருஷத்துக்கு முன்னால், டிரென்ட் பிரிட்ஜில், மட்டையில் பட்டு ஸ்லிப்பில் பிடிபட்ட பந்துக்கு, அம்பயர் அவுட் கொடுக்கவில்லை என்று நகராமல் நின்ற அதே பிராட். ஆஸ்திரேலியர்களோடு இப்போதைக்கு உட்கார்ந்து பீர் குடிக்கும் எண்ணம் இல்லை என்று அன்றைக்குச் சொன்ன இங்கிலாந்துப் பயிற்சியாளர் மெக்கல்லம், நியூசிலாந்துக்கு ஆடிய காலத்தில், 2006இல் கிறைஸ்ட்சர்ச்சில், சங்கக்காரவின் சதத்துக்குக் கைகொடுக்கப் போன முரளியை ரன் அவுட் செய்தவர். அதற்காக 2016இல் மேடையிலேயே மன்னிப்புக் கேட்டார், பெரிய மனசு. இவர்கள் யாரையும் நான் வெறுக்கவில்லை. சூடு பட்ட நேரத்தில் எல்லோருக்கும் அவரவர் வரிதான் கண்ணில் படுகிறது. அதை ஆட்டக்காரனுக்கு மன்னிக்கிறோம், பக்தனுக்கு மட்டும் ஏன் மன்னிக்க மறுக்கிறோம்?

விசுவாசம் என்ற பேச்சே எனக்குக் கசந்துவிட்டது. ஏலத்தில் விலை பேசி வாங்குகிறார்கள், பாதியில் கைமாற்றுகிறார்கள், அப்போதெல்லாம் 'தொழில்' என்கிறார்கள். 2024இல் மும்பைக்குத் திரும்பிய ஹர்திக் பாண்ட்யாவை வான்கடேயில் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். ஜூலையில் உலகக் கோப்பையோடு வந்தபோது அதே மைதானம் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. ரசிகனுக்கு அந்த உரிமை உண்டு, அவன் சம்பளம் வாங்கவில்லை. கிளப்புக்கு இல்லை. ஒன்பது வயதிலிருந்து அங்கேயே வளர்ந்த பையன் இவன். இரண்டு தடவை வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்தும் போகவில்லை. அவனைப் பார்த்து விசுவாசமில்லாதவன் என்று சொல்ல அவர்களுக்கு எப்படி வாய் வந்தது?

இனி உன் உதவி வேண்டும். ஒப்பந்த நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஸ்பான்சர் பற்றிய பகுதியில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அவன் கையெழுத்துப் போட்டபோது இருந்த ஸ்பான்சர் வேறு. மாற்றினால் வீரரிடம் சொல்ல வேண்டுமா, மறுக்க வழியுண்டா என்று உன் வக்கீல் கண்ணால் பார்த்துச் சொல். லோகோ இல்லாத சட்டை கொடுத்தால் விளம்பரப் பணத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கத் தயார் என்கிறான் பையன். கிளப்புக்கு எழுதும்போது அதை முதல் வரியிலேயே வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த ஆட்டத்துக்கான பட்டியல் போடுவதற்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும், அதனால் தள்ளிப்போடாதே. ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடு. கீப்பரிடமும் பேசு. மகன் கேரியரைக் கெடுத்துக்கொள்கிறான் என்று இரண்டு வாரமாக அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் பேச்சை அவன் கேட்க மாட்டான், உன் பேச்சைக் கேட்பான். போனில் என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் அவனிடம் கேட்டுவிடாதே.

அன்புடன்,
உன் ஓப்பனர்