நாட்குறிப்பில் நான் எழுதாதவை

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ரகுவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ பேசி மூன்று ஞாயிறுகள் ஆகின்றன. வேலை அதிகம் என்று நீ அனுப்பிய இரண்டு வரியைப் பார்த்தேன், நம்பவும் செய்தேன். ஆனால் அப்பாவின் சிகிச்சையைப் பற்றிச் சென்னையிலிருந்து மாதந்தோறும் உனக்கு வரும் அறிக்கையைக் குறித்து நீ இந்த முறை ஒரு வார்த்தையும் சொல்லாததால், அதில் இருந்ததைப் படித்துவிட்டாய் என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பா நன்றாக இருக்கிறார். பக்கவாதத்துக்கான பயிற்சி தர, திங்களும் வியாழனும் காலை பத்து மணிக்கு இயன்முறை மருத்துவர் வீடியோவில் வந்துவிடுகிறார். தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்த கைப்பேசியில் அப்பாவின் தலையிலிருந்து பாதம்வரை தெரிந்தால்தான் அந்தப் பெண் தொடங்குவார். நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். நான் அப்பாவின் வலப்பக்கம் நிற்க வேண்டும். தடுமாறினாலும் வலக்கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, வலுவிழந்த தோள் மூட்டு நழுவிவிடும். கையூன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து முறை. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வாய் வராத மனிதர், எழுந்து உட்காரும்போது மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்துவரை தங்குதடையின்றி எண்ணுகிறார். பேச்சு போனவர்களுக்கும் இப்படி மனத்தில் ஊறிய வரிசைகள் வந்துவிடுவது உண்டாம். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் இவர் நம்மை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாரோ என்று ஒரு கணம் கோபம்கூட வருகிறது.

பயிற்சியின்போது பேச முடிகிறதா என்று பார்த்துத்தான் மற்றவர்களுக்குச் சிரமத்தைக் கணிப்பார்களாம். அப்பாவிடம் அது செல்லாதல்லவா? ஆகையால் இடக்கை விரல்களைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தும் விரிந்தால் முடியவில்லை என்று பொருள். பனியன் முழுவதும் நனைந்திருந்தாலும் உன் அப்பா இரண்டு விரலுக்குமேல் காட்டமாட்டார். யாருடைய பிள்ளை நீ என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் பார்த்துச் சொன்ன பிறகே பயிற்சி. நீ வாங்கி அனுப்பிய கருவி நன்றாக உழைக்கிறது. அதைப் போல ஒன்றை நீயும் உன் வீட்டில் வாங்கி வைத்துக்கொள். காலையில் காப்பிக்கு முன்னால், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போடாமல் பார்க்க வேண்டும். சித்திரையில் நீ வந்திருந்தபோது, துவைக்கப் போட்ட உன் சட்டைப் பையில் இருந்ததை எடுத்து உன் பெட்டியின் பக்கவாட்டு அறையில் வைத்தேன். அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அப்பாவின் டப்பாவில் இருக்கும் அதே மாத்திரைதான். பதினைந்தில் நான்குதான் பிரித்திருந்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

இப்போது அறிக்கை விஷயம். உணவு ஆலோசகர் புதன்கிழமைகளில் பேசுகிறார். நல்லவர்; நம் வீட்டுச் சாப்பாட்டை மாற்றச் சொல்லாமல் அளவை மாற்றச் சொல்பவர். ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்பாவின் பங்கை விடியற்காலையிலேயே ஒரு சிறிய சம்புடத்தில் அளந்து வைத்துவிட்டு, குழம்பையும் பொரியலையும் உப்பில்லாமல் இறக்கி, அவர் தட்டில் மட்டும் அதிலிருந்து எடுத்துத் தூவச் சொன்னார். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் அதைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டி, ஒவ்வொரு நாளும் தின்றதை நாட்குறிப்பில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவந்தேன். முப்பத்தொரு வருடம் வருகைப் பதிவேடு எழுதிய கை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, பால்காரருக்குப் பணம் கொடுக்க நான் வாசலுக்குப் போயிருந்த நேரத்தில், மோர்சாதத்துக்கு என்ன தொட்டுக்கொண்டீர்கள் என்று உணவு ஆலோசகர் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். திரும்பி வந்தபோது அப்பா உதட்டைக் கோணிக்கொண்டு முயன்றுகொண்டிருந்தார். பிறகு, "நார்த்தங்காய்" என்றார். ஆறு மாதமாக என் பெயர் வராத வாயிலிருந்து அத்தனை எழுத்தும் பிசகாமல் வந்தது. கைப்பேசியில் அந்தப் பெண் கைதட்டினார். நானும் அழுதுகொண்டே கைதட்டினேன். அதற்குப் பிறகுதான் இருவருக்கும் நாட்குறிப்பின் ஞாபகம் வந்தது.

ஆமாம், ரகு. தினமும் ஒரு துண்டு கொடுத்திருக்கிறேன். சில நாள் இரண்டு. சாதத்தை இடக்கையால் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாமல் கொடுத்தேன். பிள்ளையார் கோயில்வரை இருபது நிமிட நடை என்று எழுதியதும் முழு உண்மையன்று. அவரிடம் படித்த பையன் ஒருவன் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, "சார், என்ன ஆயிற்று?" என்று கேட்ட நாளிலிருந்து அவர் படியிறங்கவில்லை. கூடத்தில் நடந்த எட்டு நிமிடத்தை நான் இருபதாக்கினேன். நீ அங்கே அயல்நாட்டில் குளிரில் உழைத்துப் பணம் கட்ட, இங்கே நான் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

எழுத வந்துவிட்டதால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அப்பாவுக்குத் தூக்கத்தில் வந்துவிட்டது என்று உன்னிடமும் பாபநாசத்தாரிடமும் டாக்டரிடமும் சொன்னேனே, அது அப்படியன்று. அன்று காலை ஆறு பத்துக்கு அவர் வலக்கையிலிருந்து காப்பித் தம்ளர் நழுவி விழுந்தது. கோலம் போட்ட ஈரக்கையோடு வந்து, பார்த்துப் பிடிக்கக் கூடாதா என்று அதட்டினேன். வாய் சற்றே கோணியிருந்ததை இரவு சரியாகத் தூங்காத முகம் என்று எண்ணிப் படுக்கச் சொன்னேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மணி ஒன்று. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று அங்கே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அப்போதுதான் தூக்கத்தில் வந்தது என்று சொன்னேன். முன்பே வந்திருந்தால் கை திரும்பியிருக்குமா என்று யாரையும் கேட்டதில்லை.

புதன்கிழமை உணவு ஆலோசகரிடம் நாட்குறிப்பைப் பற்றி ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. நார்த்தங்காய்க்குப் பதில் எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறிய இஞ்சியை, உப்பில்லாமல், வைத்துப் பார்க்கச் சொன்னார். அப்பா முதல் நாள் துப்பினார், நேற்றுத் துப்பவில்லை. ஜாடியை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் அங்கே மாத்திரை கொண்டுவரும் பெண் என் கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அம்மா நீங்களும் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். நாளைக்குப் போகிறேன்.

இன்று காலை அப்பாவுக்கு 146/84. எனக்கு 154/92. இவை கருவி காட்டியபடியே எழுதியவை. நடை, கூடத்தில் ஒன்பது நிமிடம்.

நீ அங்கிருந்து எந்த எண்ணைச் சொன்னாலும் சரியா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. காப்பிக்கு முன்னால், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, கால்மேல் கால் போடாமல் பார். கருவியில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருக்கிறது. ஆகையால் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் உன் பெயரை எழுதிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா